இந்த மழைக்கு இவ்வளவுதான்

"தங்கச்சி, ஒரு உதவி. நான் இதுல ஏறுறேன், நீ கொஞ்சம் பின்னால பிடிச்சுக்கிறியா?"

பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான். கிள்ளானில், மேருவுக்குப் போகும் பெரிய சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் வாடகைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை வேலிக்கு இரண்டு பக்கமும் வெறும் தலையாட்டல்தான். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து காரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவர் தன் வீட்டு கேட்டருகே ஊதா நிறச் சைக்கிள் ஒன்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். முன்னால் கூடை வைத்த, பள்ளிக்கூடப் பெண்கள் ஓட்டுகிற சைக்கிள். அவருக்கு வயது ஐம்பத்தாறு. சுடிதார் மேல்சட்டை, டிராக் பேண்ட், தலையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் போடும் முழு ஹெல்மெட். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுத்தான் என்னோடு பேசினார்.

பிடித்தேன். நாலைந்து முறை மிதித்தார். ஐந்தாவது மிதிக்குச் சைக்கிள் தானாகவே எதிர்வரிசை வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பார்த்துத் திரும்பியது. நானும் அவரும் சைக்கிளும் தொட்டியும் ஒன்றாகச் சாய்ந்தோம். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, "பரவால்ல, இன்னிக்கு ரெண்டு வீடு தாண்டியாச்சு" என்றார்.

"எங்க போறதுக்குக்கா பழகுறீங்க? கடைக்கா?"

"கடையெல்லாம் இப்ப வேணாம்மா. சீனப் பெருநாளுக்குள்ள விழாம அந்த முனை வரைக்கும். அவ்வளவுதான்."

முனை என்று அவர் காட்டியது எங்கள் தெருவின் கடைசி விளக்குக் கம்பம். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் அந்த முகம் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் முகம் மாதிரி வெளிறிப்போயிருந்தது. ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஏன் இத்தனை பயம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பருவங்கள் என்று சொல்லிக்கொள்ள நம் நாட்டில் பெரிதாக எதுவும் கிடையாது. வெயில், மழை, மறுபடி வெயில். ஆனால் அக்காவிடம் ஒரு வருஷத்தில் ஏழெட்டுப் பருவங்கள் இருந்தன. தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்பு மாதம், டுரியான் பழம் மலிந்து கிடக்கும் நாட்கள், புகைமூட்டம், தீபாவளி, வருஷக் கடைசி மழை. ஒவ்வொன்றுக்கும் அவர் இரண்டு காரியங்களை வைத்துக்கொள்வார். "இந்த நோன்புக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் உடனே பதில் வரும். சைக்கிளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

சைக்கிளுக்கு வைத்தவை கேட்கச் சுலபமானவை. முனை வரைக்கும். பிறகு விளையாட்டு மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு மளிகைக் கடைக்குப் போய் ஒரு ரொட்டி மட்டும் வாங்கி வருவது. ஒரு டுரியான் பருவம் முழுக்க, ஒரு கையை விட்டு மூக்கைச் சொறிந்துகொள்ளப் பழகினார். வீட்டுக்கு வைத்தவையும் முதலில் சாதாரணமாகத்தான் தெரிந்தன. குளியலறைக் குழாயைச் சரிசெய்வது, வாசலில் இருக்கும் செருப்புகளைக் குறைப்பது. மற்றதை அவர் சொல்லவில்லை. நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் படுக்கையறைக்கும் அவர் வீட்டுப் பின்னறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு இருமல் கேட்கும். அவ்வளவுதான். டிவி இல்லை, பேச்சு இல்லை. அந்த அறையின் சன்னல் திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை. அக்கா தனியாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அவர் மைதானத்தை வட்டமடித்துவிட்டு வந்து என் வாசலில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"வீட்டுல யாருக்கா இருக்காங்க? இருமல் கேக்குது."

அவர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "கேக்குதா? நல்லா கேக்குதா?" என்றார். சங்கடப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கு இந்தப் பக்கம் ஹால்ல இருந்தா கேக்காதும்மா. என் பொண்ணு. பாப்பா."

பாப்பாவுக்கு இருபத்துநான்கு வயது. கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தவள். கடைசி வருஷத்தில் ஒரு நாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து அறைக்குள் போனாள். பிறகு வெளியே வரவில்லை. குளிக்க, கழிப்பறைக்குப் போக வருவாள், அதுவும் அம்மா சமையலறையில் இருக்கும்போது. சாப்பாட்டுத் தட்டு கதவுக்கு வெளியே வைக்கப்படும், பாதி காலியாகித் திரும்ப வரும். யாராவது ஏமாற்றினார்களா, பரீட்சையா, வேறு ஏதாவதா என்று அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். அவருடைய கணவர் லோரி ஓட்டியவர், மகள் சின்னவளாக இருந்தபோதே இறந்துபோனார். துறைமுகம் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் கிளார்க்காக இருந்த அக்கா, மகளுக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ஒரே ஒரு முறை கெஞ்சிக் கூத்தாடி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அக்காவைத் தனியாக அழைத்து, "ஒரேயடியா எதுவும் எதிர்பார்க்காதீங்க. சின்னச் சின்னதா ஒரு இலக்கு வையுங்க" என்றாராம்.

"அவளுக்கு மட்டும் வச்சா அது தண்டனை மாதிரி இருக்கும்லா" என்றார் அக்கா. "அதான் எனக்கும் ஒன்னு வச்சுக்கிறேன். எனக்குப் பயமா இருக்கிறதுல ஒன்னு. சின்ன வயசுலேர்ந்து எனக்குச் சைக்கிள்னா பயம். இது அவ ஸ்கூலுக்கு ஓட்டுனது. கதவுக்கு வெளிய நின்னு சொல்லிடுவேன். 'பாப்பா, நோன்பு முடியறதுக்குள்ள நான் மைதானத்தைச் சுத்திடுவேன், நீ சன்னலை ஒரு சாண் திற.' அவ்வளவுதான். வேற எதுவும் பேச மாட்டேன்."

"பதில் சொல்லுவாளா?"

"சொல்ல மாட்டா. ஆனா கேக்குறா. விசிறிய நிறுத்திட்டுக் கேக்குறா."

அன்றிலிருந்து அந்தச் சுவரோடு எனக்கு ஒரு சம்பந்தம் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் முதலில் காதைத் தீட்டிக்கொள்வேன். இருமல் கேட்டால் பல் துலக்கப் போவேன். கேட்காத நாட்களில், மேருவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, ஒரே கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பேன். என் கணவருக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஷிப்ட் வேலை. "நமக்கு எதுக்கு இந்தக் கவலை?" என்பார். சொல்லிவிட்டு அவரும் சுவரைப் பார்ப்பார்.

நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் சன்னல் ஒரு சாண் திறந்தது. எங்கள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான்தான் முதலில் பார்த்தேன். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் உடனே என் வாயைப் பொத்தினார். நானும் அவரும் அவருடைய ஹாலில் நின்றுகொண்டிருந்தோம்.

"யாரும் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. நீ துணிய முன்னால காயப்போடு" என்றார் மெதுவாக.

"சந்தோஷமா இல்லையாக்கா?"

"சந்தோஷப்பட்டா அவளுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் அடுத்தது என்னன்னு பயந்துடுவா."

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "சின்னதா வைக்கணும்மா. பெருசா வச்சா பயத்துக்குத் தெரிஞ்சுடும்." பயம் என்பது அந்த வீட்டில் குடியிருக்கும் இன்னொரு ஆள் போலவும், அது தூங்கும்போது ஓசையில்லாமல் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது போலவும் பேசுவார். வைத்த காரியம் முன்கூட்டியே முடிந்துவிட்டாலும் அடுத்ததற்குப் போக மாட்டார். மளிகைக் கடை வரை நன்றாக ஓட்டிப் பழகியபிறகும், பருவம் மாறும்வரை கடையைத் தாண்டி ஒரு அடி போகவில்லை. கடைக்காரர், "அக்கா, தினம் ஒரு ரொட்டி வாங்குறீங்களே, வீட்டுல என்ன ஹோட்டலா நடத்துறீங்க?" என்று கேட்டாராம். அந்த ரொட்டியில் பாதி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

ஒரு முறை நான் அவசரப்பட்டேன். பாப்பா ஒரு நாள் மேசையில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று கேள்விப்பட்டு, "தைப்பூசத்துக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாமேக்கா, நானும் வரேன்" என்றேன். அக்காவின் முகம் சுருங்கியது. "அதிகமா கேக்காதே" என்றார். எனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டபடி, உள்ளே யாருக்கோ சொல்வதுபோல இரண்டாம் முறையும் சொன்னார். அதன் பிறகு நான் எதையும் யோசனை சொல்லவில்லை.

இந்தச் சாமர்த்தியத்தையெல்லாம் அந்த வருஷத்துப் புகை கெடுத்தது. காட்டுத்தீப் புகை கடல் தாண்டி வந்து கிள்ளானை மூடியது. எதிர்வீடு மங்கலாகத் தெரிந்தது. எல்லோரும் கதவு சன்னல்களைச் சாத்தினோம். பாப்பாவும் சாத்தினாள். புகை போன பிறகு நாங்கள் எல்லோரும் திறந்தோம், அவள் திறக்கவில்லை. மேசைக்கு வருவதும் நின்றது. தட்டு மறுபடி கதவுக்கு வெளியே போனது. அக்கா வேலியருகே நின்று அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சட்டம் போட்டவர்.

"ஊரே மூடிச்சு. அவளும் மூடினா. அது தப்பா? தப்பே இல்ல. ஆனா இனிமே என்ன சொல்லித் திறக்கச் சொல்றது?" என்றார். பிறகு புகையைத் திட்டினார். அவர் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டது அன்று மட்டும்தான்.

தீபாவளிக்கு வைத்தது நடக்கவில்லை. வருஷக் கடைசி மழைக்கு அதையே இன்னும் சின்னதாக்கினார். சன்னல் வேண்டாம், மேசை வேண்டாம். சாப்பிட்ட தட்டைச் சமையலறைத் தொட்டி வரை கொண்டுவந்து வைத்தால் போதும். தன் பங்குக்கு, மேரு சந்தை வரை தனியாகச் சைக்கிளில் போய் வருவதாகக் கதவுக்கு வெளியே நின்று சொன்னார். தன்னுடையதை மட்டும் இப்படித் திடீரென்று பெரிதாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சாலையில் கண்டெய்னர் லோரிகள் ஓயாது. நானே காரில் போகும்போது அவை பக்கத்தில் வந்தால் ஸ்டீயரிங்கை இறுக்கிக்கொள்வேன்.

"நான் காரில் கூட்டிட்டுப் போறேனேக்கா" என்றேன்.

"அது கணக்குல வராதும்மா."

"மழை வேற. ஏன் இவ்ளோ தூரம்?"

அவர் சைக்கிள் கூடையில் கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டே, "அவ அசைய மாட்டேங்குறா. நானாவது அசையணும்லா" என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினார். வெயில் சுள்ளென்று இருந்தது. மூன்றரை மணிக்கு மேற்குப் பக்கம் இருண்டு, நாலு மணிக்குள் மழை பிடித்துக்கொண்டது. கிள்ளானில் மழைக்குத் தொடக்கம், நடு, முடிவு என்று கிடையாது. ஒரேயடியாகக் கொட்டும். எங்கள் தெருவின் லோங்காங் கால்வாய் நிரம்பி, சாக்கடைத் தண்ணீர் தார்ச்சாலைக்கு ஏறிவிட்டது. நான் வாசலில் நின்று முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதா நிறம் எதுவும் தெரியவில்லை. அவருடைய கைபேசிக்கு அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

நேரம் போனது. மழை விடவில்லை. என் கணவர் வேலையில் இருந்தார். காரை எடுத்துக்கொண்டு போகலாமா, எந்தப் பக்கம் தேடுவது, போன பிறகு அவர் வேறு வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக யோசித்துக் கொண்டிருந்தபோது எங்கள் கேட்டை யாரோ ஆட்டினார்கள்.

வெறுங்காலுடன் ஒரு பெண் நின்றிருந்தாள். பழைய டி-ஷர்ட், முதுகு முழுக்கச் சிக்குப்பிடித்த முடி. கையில் குடை இருந்தது, ஆனால் விரிக்கவில்லை. முழுக்க நனைந்திருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாகச் சுவர் வழியாக நான் காத்துக்கொண்டிருந்தவளை முதல் முறையாகப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிட உயரம்.

"ஆன்டி, அம்மா போன் எடுக்க மாட்டேங்குறாங்க" என்றாள். அந்தக் குரல் உபயோகிக்காமல் துருப்பிடித்துப் போயிருந்தது.

"கார்ல ஏறும்மா."

ஏறினாள். நடுங்கினாள். பின்சீட்டில் கிடந்த என் துண்டை எடுத்துக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டு துடைக்க மறந்துவிட்டாள். விரல் மட்டும் கைபேசியை அழுத்திக்கொண்டே இருந்தது. அழைப்பு போகும், நிற்கும், மறுபடி அழுத்துவாள். பெரிய சாலையில் பாதித் தண்ணீர். லோரிகள் அலை எழுப்பிக்கொண்டு போயின. சாலையோரத்தில் ஏதாவது கிடந்தால் எனக்கு முன்னால் அவள் பார்த்தாள். ஒரு இடத்தில் ஏதோ ஊதா நிறத்தில் தண்ணீரில் மிதந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக் கதவைத் திறக்கப் போனாள். அது ஒரு உடைந்த நாற்காலி. அதன் பிறகு அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். "நான் தட்டைக் கொண்டுபோய் வச்சிருக்கலாம், வச்சிருக்கலாம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேம்பாலத்தின் கீழே மோட்டார் சைக்கிள்காரர்கள் மழைக்கு ஒதுங்கி வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் முழு ஹெல்மெட்டோடு அக்கா. சைக்கிள் தூணில் சாய்ந்திருந்தது, பின்சக்கரத்தில் காற்று இல்லை.

நான் காரை நிறுத்துவதற்குள் பாப்பா இறங்கிவிட்டாள். மழையில் ஓடினாள். அம்மாவைக் கட்டிப்பிடிப்பாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "லூசாம்மா நீ? போன எதுக்கு வச்சிருக்க? செத்துட்டியான்னு நெனச்சேன்! செத்துட்டியான்னு!" மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மலாய்க்காரத் தம்பி சைக்கிளைக் காரின் பின்பெட்டியில் ஏற்ற உதவினார். கூடையிலிருந்த பிளாஸ்டிக் பையை நான் எடுத்தேன். அப்போது பார்த்தேன். கைபேசி நனையவில்லை. சார்ஜ் இருந்தது. சத்தம் குறைக்கப்படவும் இல்லை. திரை முழுக்க எடுக்கப்படாத அழைப்புகள், ஒன்றிரண்டு என்னுடையது, மற்றதெல்லாம் பாப்பா.

நான் அதை அக்காவிடம் கொடுத்தேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பாப்பா அறையை விட்டு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மின்விசிறி ஓடியது. இருமல் கேட்கவில்லை. நான் சுவரில் காதை வைத்துக்கூடக் கேட்டுப் பார்த்தேன். அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அக்கா என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். பால் சேர்க்காத தே ஓ கலந்து வைத்தேன். தொடவில்லை.

"போன்ல சார்ஜ் இருந்துச்சு" என்றார்.

"பார்த்தேன்க்கா."

"ஏன் கேக்கல?"

"என்ன கேக்குறது?"

அவர் குவளையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். "டயர் பஞ்சர் ஆனது நிஜம். பாலத்துக்குக் கீழ ஒதுங்கினதும் உனக்கு அடிக்கலாம்னுதான் போன எடுத்தேன். எடுக்கும்போதே அவ பேர் வந்துச்சு. எத்தனை நாளாச்சும்மா, என் போன்ல அவ பேர் வந்து. அதையே பார்த்துட்டு நின்னேன். நின்னுடுச்சு. திரும்ப வந்துச்சு. எடுத்தா என்ன சொல்லுவேன்? நல்லா இருக்கேன், வந்துடுறேன்னு சொல்லுவேன். அவ சரின்னு போய்ப் படுத்துக்குவா. எடுக்காம இருந்தா..."

முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை.

"வந்தாள்லக்கா" என்றேன். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

"வந்தா. எப்படி வந்தா? செருப்பு போடாம வந்தா. நான் விழுந்து கை ஒடைஞ்சு கிடந்திருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். அது உண்மையா இருந்திருக்கும். இத்தனை நாள் பயத்துக்குத் தெரியாம, தெரியாமன்னு பார்த்துப் பார்த்துப் பண்ணிட்டு, கடைசில நானே அதைக் கூப்பிட்டு அவ மேல ஏவி விட்டுட்டேன்."

எனக்கும் உள்ளுக்குள் அவர்மேல் கோபம் இருந்தது. அந்தக் காரில் அவளோடு உட்கார்ந்திருந்தவள் நான்.

"அவகிட்டச் சொல்லப் போறேன்" என்றார்.

"வேணாம்க்கா. இப்பத்தான் வந்துட்டுப் போயிருக்கா. இதைச் சொன்னா..."

"அவளுக்கு நான் வச்சது எல்லாமே அவகிட்டச் சொல்லிட்டு வச்சதுதான். இது ஒன்னுதான் சொல்லாம பண்ணது."

எழுந்து போனார். குளிர்ந்துபோன தே ஓவைக் கொட்டிவிட்டு நான் படுக்கையறைக்குப் போய் நின்றேன். ஒட்டுக்கேட்பது தவறு என்று தெரியும். நின்றேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்காவின் குரல் நெடுநேரம், ஏற்ற இறக்கமில்லாமல், மந்திரம்போல ஓடியது. மின்விசிறி நின்றது. பிறகு பாப்பாவின் குரல், ஒரே ஒரு சொல்: "போ." பிறகு ஏதோ சுவரில் மோதி உடைந்தது. என் பக்கம் தொங்கிய நாள்காட்டி ஆடியது.

அன்று நானும் என் கணவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. நடந்தது யாருமே நினைக்காதது. இரண்டு நாள் தட்டு தொடப்படாமல் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் பாப்பா சமையலறைக்கு வந்தாள். அம்மாவைத் தாண்டிப் போய் அடுப்பைப் பற்றவைத்து, பாக்கெட் மீ நூடுல்ஸைக் கொதிக்கவைத்து, நின்றபடியே சாப்பிட்டாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். "உன் கையால சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். மறுநாள் முட்டை பொரித்தாள். அதற்கு மறுநாள் முட்டை தீர்ந்துபோய், மளிகைக் கடைக்கு நடந்தே போய் வாங்கி வந்தாள். என்னைத் தெருவில் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் நின்றாள். "ஆன்டி, அன்னிக்குத் துண்டைத் திருப்பித் தரல" என்றாள்.

நான் குதித்துக்கொண்டு போய் அக்காவிடம் சொன்னேன். "தட்டைத் தொட்டியில வைக்கச் சொன்னீங்க, இப்பச் சட்டியவே கழுவுறா."

"கோவத்துல கழுவுறா" என்றார் அக்கா. "அது என் கணக்குல வராதும்மா. அது அவளோடது." அவர் ரொம்ப இளைத்துப் போயிருந்தார். மகள் அவரிடம் பேசாமல் இருந்த அந்த மாதங்களில், அவர் ஒரே வீட்டுக்குள் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். மகளுக்கென்று அதன் பிறகு எந்தப் பருவத்துக்கும் எதையும் வைக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று எதையும் அறிவிக்கவில்லை. சீனப் பெருநாள் வந்தது, போனது. நான் கேட்டேன், "ஒன்னும் வைக்கலையாக்கா?" கையை விரித்தார்.

பஞ்சரை ஒட்டியது பாப்பாதான். ஒரு நாள் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒட்டினாள். ஒட்டி முடித்து, "இது என் சைக்கிள்" என்றாள். அன்று சமையலறையில் சொன்னதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசிய முதல் வாக்கியம் அது. ஏறிப் போய்விட்டாள். ஹெல்மெட் போடவில்லை. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றார். எவ்வளவு தூரம், எப்போது வருவாள், எதுவும் அவள் சொல்லவில்லை. அக்காவின் வாழ்க்கையில் அப்படி எல்லை சொல்லாமல் யாரும் எங்கேயும் போனதில்லை.

அடுத்த வருஷம் நாங்கள் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். அங்கேயும் படுக்கையறைக்கு ஒரு பக்கத்துச் சுவர் உண்டு. அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் கிள்ளானுக்குப் போயிருந்தபோது அக்கா வீட்டுக்குப் போனேன். பின்னறைச் சன்னல் அகலத் திறந்திருந்தது. பாப்பாவுக்கு நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக் ஒன்றில் பகுதிநேர வேலை. சைக்கிளில்தான் போகிறாள். மாத்திரையை விடவில்லை. சில வாரங்கள் நன்றாக இருப்பாளாம், சில வாரங்கள் கதவைச் சாத்திக்கொள்வாளாம். அம்மாவோடு பேசுகிறாள். அன்று நடந்ததைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பாப்பா வரும் நேரம் தாண்டிவிட்டது என்று அக்கா சொல்லாமலே எனக்குத் தெரிந்தது, அவர் பேச்சு நடுநடுவே அறுந்துபோனது. முதல் சொட்டுகள் விழுந்தன.

"போன் அடிச்சுப் பாக்கலாமாக்கா?" என்று என் கைபேசியை எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது. "இந்த மழைக்கு ஒன்னு வச்சிருக்கேன். எனக்கு மட்டும்தான். அவ வெளிய போனா நான் போன் அடிக்கக் கூடாது."

"முடியுதா?"

"இன்னும் இல்ல" என்றார். "மத்தியானமே ஒரு தடவை அடிச்சுட்டேன்."

மழை வலுத்தது. அவர் என் மணிக்கட்டை விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பாப்பா வந்தபோது முழுக்க நனைந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். "ஆன்டி! எப்ப வந்தீங்க?" என்று சிரித்தாள். அம்மாவைப் பார்த்து, "சோறு இருக்கா?" என்றாள்.

"இருக்கு. போய்த் தலைய தொவட்டு" என்றார் அக்கா, சாதாரணமாக, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் உள்ளே போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. கேட்ட பிறகு எழ முயன்றார். முடியவில்லை. மறுபடி உட்கார்ந்து, "கொஞ்சம் இரும்மா, இப்பப் போய் சோறு போடுறேன்" என்றார்.